பின்சக்கரத்து கிரீஸ்

ஹார்வி புயலில் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்றுபோன வருடம், கோபாலசாமியும் கலாவதியும் இரண்டு பிள்ளைகளோடு ஏழு மாதம் ஒரு டிரெய்லரில் குடியிருந்தார்கள். பிக்கப் டிரக்கின் பின்னால் கொக்கியில் மாட்டி இழுத்துப் போகிற, இருபத்து நாலு அடி நீள வண்டி. உள்ளே ஒரு கட்டில், ஒரு அடுப்பு, குளியலறை என்ற பெயரில் ஒரு அலமாரி, சாப்பிடுகிற மேஜை. மேஜையை இறக்கி மெத்தையைப் போட்டால் அதுவும் கட்டில். ஹூஸ்டனை ஒட்டிய கேட்டியில் தங்கள் வீட்டு டிரைவ்வேயிலேயே அதை நிறுத்தியிருந்தார்கள். வீட்டுக்குள் ஆட்கள் சுவரை நாலடி உயரத்துக்கு வெட்டியெறிந்து புதிதாகக் கட்டிக்கொண்டிருந்தார்கள். வெளியே இவர்கள் சமைத்தார்கள், சாப்பிட்டார்கள், ஆபீசுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போய் வந்தார்கள்.

அது முடிந்து ஏழு வருடமாகிவிட்டது. டிரெய்லர் இப்போது ஊருக்கு வெளியே ஃப்ரீவே ஓரத்தில், வாடகைக்கு வண்டிகளை நிறுத்திவைக்கிற ஒரு ஸ்டோரேஜ் லாட்டில் நின்றது. வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

மே மாதத்தில் ஒருநாள் மகள் ஓவியாதான் பேச்செடுத்தாள். ஆஸ்டினில் படிப்பை முடித்திருந்தவளுக்கு, மேற்கு டெக்சாஸில் ஆல்பைன் என்கிற சின்ன ஊரில் வௌவால்களைக் கணக்கெடுக்கும் ஆராய்ச்சி வேலை கிடைத்திருந்தது. ஒரு வருட வேலை. தங்குவதற்குத்தான் இடம் கிடைக்கவில்லை.

"அம்மா, நம்ம டிரெய்லர் இன்னும் இருக்குல்ல? கேன் ஐ ஹேவ் இட்? ப்ளீஸ்?"

ஸ்பீக்கரில் போட்டிருந்த போன் சாப்பாட்டு மேஜையின் நடுவில் கிடந்தது. கலாவதி எதிரே பார்த்தாள். கோபாலசாமி தோசையைப் பிட்ட கையோடு அப்படியே இருந்தார்.

"அதுல தனியா இருப்பியா கண்ணு?"

"அம்மா, அதுலதான் நான் பெஸ்ட்டா தூங்கினேன். இன் மை ஹோல் லைஃப்."

"அதோட பிரேக் சரியில்லை" என்றார் கோபாலசாமி. அவ்வளவுதான். பாதித் தோசையை விட்டுவிட்டு எழுந்து கை கழுவப் போனார்.

தண்ணீர் ஓடும் சத்தம் நிற்கும்வரை கலாவதி காத்திருந்தாள். பிறகு போனை நோக்கி, "பிரேக்கை மாத்திடலாம் கண்ணு. நீ கவலைப்படாத" என்றாள்.

ரிப்பேர் கடைகளில் கேட்டதற்கு ஆறு வாரம், எட்டு வாரம் என்றார்கள். ஓவியாவோ ஜூன் முதல் வாரம் வேலையில் சேர வேண்டும். கலாவதிக்கு இதில் வருத்தம் இல்லை, உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷம்தான். மின்சாரக் கம்பெனியில் சப்-ஸ்டேஷனில் ரிலே என்கிற பாதுகாப்புக் கருவிகளைச் சோதிப்பது அவள் உத்தியோகம். ஈரோட்டில் எலெக்ட்ரிகல் படித்த நாளிலிருந்து ஸ்க்ரூடிரைவரும் கையுமாக இருந்தவள். வீட்டில் வாஷிங் மெஷின், ஏசி, கராஜ் கதவு எது நின்றாலும் அவள்தான் திறப்பாள். கோபாலசாமி எண்ணெய்க் கம்பெனி ஒன்றில் சாஃப்ட்வேர் பார்க்கிறவர். அவருக்கு ஸ்பேனர் பிடிக்க வராது. ஆனால் ஸ்டீயரிங் பிடிப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை என்று ஒரு காலத்தில் பேர். வெள்ளத்துக்குப் பிறகு அந்த டிரெய்லரை வாங்கிவந்த அன்று, ஒரே தடவையில் பின்னோக்கி ஓட்டி, குப்பைத்தொட்டிக்கும் தபால்பெட்டிக்கும் நடுவே டிரைவ்வேயில் நுழைத்து நிறுத்தினார். தெருவில் எல்லாரும் வீட்டுச் சாமான்களை வெளியே குவித்துக்கொண்டிருந்த நேரம் அது. அந்தத் துக்கத்திலும் எதிர்வீட்டுக்காரர் கை தட்டினார்.

குடியிருப்புச் சங்கத்தில் எழுதிக் கேட்டு, வண்டியை வீட்டு முன்னால் நிறுத்த ஒரு வாரம் அனுமதி வாங்கினாள். ஸ்டோரேஜ் லாட்டிலிருந்து அதை வீட்டுக்குக் கொண்டுவந்ததும் கலாவதிதான். கோபாலசாமி மீட்டிங் இருக்கிறதென்று மாடியறையில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். சர்வீஸ் ரோட்டிலேயே, விளக்குகளைச் சிமிட்டவிட்டு, நடக்கிற வேகத்தில் ஊர்ந்துவந்து சேர்ந்தாள்.

கதவைத் திறந்தபோது உள்ளிருந்து அடைத்துக்கிடந்த காற்றும் பழைய மெத்தை வாசனையும் வந்தன. கூடவே மெலிதாகப் பெருங்காயம். ஆறு வருடமாகப் பூட்டிக்கிடந்த வண்டியில் அது எப்படி மிச்சமிருந்தது என்று அவளுக்குப் புரியவில்லை. படியிலேயே நின்றுவிட்டாள்.

எத்தனை கூத்து இதற்குள். தண்ணீர் சூடாக்கும் தொட்டியில் மூன்று பேருக்குத்தான் சுடுதண்ணீர் வரும். நாலாவது ஆள் யார் என்று தினமும் காலையில் சண்டை. மிக்ஸி ஓடும்போது யாராவது மைக்ரோவேவைப் போட்டால் மொத்தமும் அணைந்துபோகும். "எவன்டா அவன்?" என்று கலாவதி இருட்டில் கத்துவாள். பிள்ளைகள் இரண்டும் போர்வைக்குள் சிரிக்கும். அகிலனுக்கு அப்போது பதினேழு வயது. மேஜைக் கட்டிலில் முழங்காலை மடக்கித்தான் படுக்க முடியும். மேலடுக்கில் பதின்மூன்று வயது ஓவியா. டிசம்பரில் ஒரு விடிகாலை ஹூஸ்டனில் பனி பெய்தது. தண்ணீர்க் குழாய் உறைந்து பல் தேய்க்கக்கூட வழியில்லை. நாலு பேரும் பைஜாமாவோடு வெளியே ஓடி, டிரெய்லர் கூரையிலிருந்து பனியை வழித்து, அதையே உருக்கிக் காப்பி போட்டார்கள். அந்தக் காப்பியில் தகரவாடை அடித்தது. நன்றாயிருக்கிறது என்று சொல்லி எல்லாரும் குடித்தார்கள்.

கோபாலசாமி அந்த நாட்களில் பேசினார். எட்டடி அகலத்துக்குள் பேசாமல் இருக்க முடியாது என்பதாலோ என்னவோ, ஆபீசிலிருந்து வந்து ஷூவைக் கழற்றியதுமே ஆரம்பித்துவிடுவார். காலேஜ் ஹாஸ்டலில் வார்டனுடைய சைக்கிளை மாமரத்தில் ஏற்றிய கதையை ஏழு மாதத்தில் ஏழு விதமாகச் சொன்னார். பிள்ளைகள் ஒவ்வொரு தடவையும், "அப்பா, லாஸ்ட் டைம் அது வேப்பமரம்" என்று மடக்கும். அவர் அசரமாட்டார்.

மே மாதம் வீடு தயாரானது. ஆளுக்கொரு அறை, ஆளுக்கொரு கதவு. முதல்நாள் இரவுச் சாப்பாட்டுக்கு மூன்று தடவை கூப்பிட்டும் யாரும் இறங்கிவரவில்லை. கலாவதி ஒவ்வொரு அறையாகப் போய்க் கதவைத் தட்டினாள்.

சனிக்கிழமை காலை வேலையைத் தொடங்கினாள். இந்த மாதிரி டிரெய்லரில் பிரேக் மின்சாரத்தில் வேலை செய்கிறது. டிரக்கை ஓட்டுகிறவர் பிரேக்கை மிதித்தால், ஒயர் வழியே கரண்ட் போய், சக்கரத்து டிரம்முக்குள் இருக்கிற காந்தம் விழித்துக்கொள்ளும். அது சுழல்கிற டிரம்மில் ஒட்டி, ஒரு நெம்புகோலை இழுக்கும். நெம்புகோல் பிரேக் ஷூவை விரித்து டிரம்மோடு அழுத்தும். நாலு சக்கரத்துக்கும் நாலு தனித்தனி பிரேக். பழையதைக் கழற்றிவிட்டு, தேயத் தேயத் தானாகவே இறுக்கிக்கொள்கிற புது ரகம் போடுவதாகத் திட்டம். மெல்லிய ஒயருக்குப் பதில் தடித்த ஒயர். பிரேக்கின் பிடியைக் கூட்டிக் குறைக்க டிரக்கில் புதிய கன்ட்ரோலர்.

ஜாக்கியை வைத்துத் தூக்கி, முன்சக்கரம் ஒன்றைக் கழற்றி டிரம்மை உருவினாள். உள்ளே ஷூ கருகிக் கிடந்தது. டிரம்மின் இரும்பு சூட்டில் நீலம் பாய்ந்திருந்தது. எதிர்பார்த்ததுதான். மறுபக்க முன்சக்கரமும் அதே மாதிரி.

அந்த நீலத்தைப் பார்த்ததும் அவளுக்கு அந்தச் சரிவு ஞாபகம் வந்தது. 2019 மார்ச், பிள்ளைகளுக்கு ஒரு வார விடுமுறை. ஹில் கன்ட்ரியில் லேக்கி என்கிற ஊர்ப் பக்கத்து மலைச்சாலையில் டிரெய்லரோடு இறங்கிக்கொண்டிருந்தார்கள். வளைவும் சரிவுமான ரோடு. பாதியில் கோபாலசாமி, "கலா, பிரேக் பிடிக்கல" என்றார். குரலை உயர்த்தவில்லை, அதுதான் பயமாயிருந்தது. பின்னாலிருந்து டிரெய்லர் டிரக்கைத் தள்ளியது. பிளாஸ்டிக் எரிகிற மாதிரி நாற்றம். அடுத்த வளைவில் வலப்பக்கம் ஒரு பண்ணைக்கு ஏறுகிற சரளைப் பாதை தெரிந்தது. அவர் அதற்குள் திருப்பினார். ஒரு வேலிக்கம்பத்தைச் சாய்த்துவிட்டு, மேட்டில் ஏறி, வண்டி நின்றது. யாருக்கும் சிராய்ப்புகூட இல்லை.

ஓவியா அழுதுகொண்டிருந்தாள். கோபாலசாமி ஸ்டீயரிங்கை விடாமல் உட்கார்ந்திருந்தார். அப்போதுதான் கலாவதி சொன்னாள்: "நீங்க ஸ்பீடா இறங்கினீங்க. கியரைக் குறைக்கல, பிரேக்கையே மிதிச்சுக்கிட்டு வந்தீங்க. எது தாங்கும்?" பிள்ளைகள் இரண்டு பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அவர் மறுக்கவில்லை. இஞ்சினியர் அவள். யாரோ ஒருவர் டிரெய்லரை இழுத்துக்கொண்டு வந்து ஸ்டோரேஜில் விட்டார். அதற்குப் பிறகு அவர் அதைத் தொடவில்லை. எங்காவது போகலாமா என்றால், வேலை ஜாஸ்தி என்பார். நீண்டதூரம் என்றால் கார்ச் சாவியைப் பேசாமல் அவளிடம் நீட்டுவார். வீட்டில் இது ஒரு கேலியாகவும் ஆனது. அகிலன் காலேஜிலிருந்து வரும்போதெல்லாம், "அப்பா டிரைவ் பண்றாரா? அப்ப நான் ஊபர்ல வரேன்" என்பான். எல்லாரும் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார்.

மதியத்துக்குச் சற்று முன் பின்சக்கரத்துக்கு வந்தாள். டிரம்மை இழுத்ததும் கறுப்பாக, கெட்டியாக, கொழகொழவென்று ஏதோ அவள் மணிக்கட்டில் வழிந்தது. ஷூ இரண்டும், காந்தமும், ஸ்பிரிங்கும் கிரீஸில் ஊறிக்கிடந்தன. துணியால் துடைத்தாள். மேலே கறுப்பு. விரல்நகத்தால் சுரண்டினால் அடியில் நீலம்.

கலாவதி தரையில் உட்கார்ந்தாள்.

நீல கிரீஸ் வாங்கியது அவள்தான். படகு டிரெய்லருக்கெல்லாம் போடுவது, தண்ணீருக்குத் தாங்கும் என்று எங்கோ படித்து, தேடிப் பிடித்து வாங்கினாள். லேக்கிக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம், வீடியோ ஒன்றைப் பார்த்துவிட்டு, கிரீஸ் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு பின்சக்கரங்களில் ஆரம்பித்தாள். சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே மெதுவாக அடிக்க வேண்டும் என்பது அவளுக்குத் தெரியாது. புது கிரீஸ் வெளியே எட்டிப்பார்க்கும்வரை அழுத்திக்கொண்டே இருந்தாள். முன்சக்கரத்துக்கு வருவதற்குள் குழலிலிருந்த கிரீஸ் கிட்டத்தட்டத் தீர்ந்துவிட்டது. அதற்கு நாலைந்து அழுத்தோடு விட்டாள். "பேரிங்குக்கெல்லாம் நானே கிரீஸ் வெச்சுட்டேன், கடைக்காரனுக்கு எதுக்கு அழணும்?" என்று கோபாலசாமியிடம் பெருமையாகச் சொன்னதும் நினைவிருந்தது.

அடித்த கிரீஸ் முழுவதும் பேரிங்குக்குப் பின்னால் இருக்கிற ரப்பர் சீல் வளையத்தைப் பிய்த்துக்கொண்டு பிரேக்குக்குள் இறங்கியிருக்கிறது. பின்சக்கர ஷூக்கள் தேயவே இல்லை, புதுசு போல இருந்தன. மறுபக்கமும் இப்படித்தான் இருக்க வேண்டும். அன்றைக்கு அந்தச் சரிவில் இரண்டு பின்சக்கரமும் துளிகூடப் பிடித்திருக்காது. முன்சக்கரங்கள் இரண்டும் தனியாக முழுப் பாரத்தையும் சுமந்து கருகின.

கராஜ் கதவு வழியாக கோபாலசாமி மோர் கொண்டுவந்தார். "என்ன, உக்காந்துட்ட? முதுகு பிடிச்சுக்கிச்சா?"

"இல்லீங்க. சும்மா." கையிலிருந்த துணியை டிரம்மின் மேல் போட்டு மூடினாள்.

அவர் போன பிறகு மறுபக்கத்தையும் திறந்தாள். அதே நீலம். ஏன் மூடினேன் என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். சுலபம்தான். எல்லாவற்றையும் பழைய அட்டைப்பெட்டியில் போட்டுக் குப்பைக்கு அனுப்பிவிட்டால் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. ரிலே கருகிப்போனால் ஏன் கருகியது என்று மூன்று பக்கம் ரிப்போர்ட் எழுதுகிறவள், ஆறு வருடம் ஒரு டிரம்மைத் திறந்து பார்க்கவில்லை. மோர் டம்ளரில் ஈ விழுந்து கிடந்தது. கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

கராஜ் தரையில் ஒரு அட்டையை விரித்து நாலு ஜோடி ஷூக்களையும் வரிசையாக வைத்தாள். மாடிப்படியின் கீழே நின்று, "ஏங்க, கொஞ்சம் வாங்க" என்று கூப்பிட்டாள்.

அவர் வந்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"இது முன்னாடி வீல். இது பின்னாடி. வித்தியாசம் தெரியுதுங்களா?"

"இது கருகியிருக்கு. இது ஈரமா இருக்கு."

"ஈரமில்லீங்க, கிரீஸ். அன்னிக்கு லேக்கி கிளம்பறதுக்கு முந்தின நாள் நான் அடிச்ச கிரீஸ். அளவு தெரியாம அடிச்சிருக்கேன். சீல் பிஞ்சு உள்ள வந்துருச்சு. அந்தச் சரிவுல பின்னாடி ரெண்டு வீலும் பிடிக்கவே இல்ல."

அவர் நிமிரவில்லை.

"அப்ப, நான் ஸ்பீடா போனதால இல்லையா?"

கியரை முன்கூட்டியே குறைத்திருந்தால் முன்சக்கரம் இன்னும் கொஞ்சம் தாங்கியிருக்கும். அதுவும் உண்மைதான். நாக்கு நுனிவரை வந்ததை அவள் விழுங்கினாள். "இல்லீங்க. உங்களால இல்ல. என்னால."

"அன்னிக்கே தொறந்து பாத்திருந்தா தெரிஞ்சிருக்குமா?"

"தெரிஞ்சிருக்கும்."

"ஏன் பாக்கல?"

"நீங்கதான்னு முடிவு பண்ணிட்டேன். அதுக்கப்புறம் பாக்கணும்னு தோணவே இல்லீங்க."

அவர் கருகிய ஷூ ஒன்றைக் கையிலெடுத்து, எடை பார்ப்பதுபோல் வைத்திருந்துவிட்டு, எடுத்த இடத்திலேயே வைத்தார். விரல் கரியானதைப் பார்த்தார். உள்ளே போனார். மாடிக் கதவு சாத்தப்படுவது கேட்டது. அடித்துச் சாத்தவில்லை. அடித்திருந்தால்கூடப் பரவாயில்லை போலிருந்தது.

அவள் வேலையைத் தொடர்ந்தாள். வேறென்ன செய்வது? புது பிரேக் தட்டுகளைப் பொருத்தி நட்டுகளை முறுக்கினாள். இடது எது வலது எது என்று இரண்டு தடவை சரிபார்த்தாள். புதிய சீல் அடித்தாள். பேரிங்குக்கு கிரீஸைக் கையாலேயே, உள்ளங்கையில் வைத்து, தேவையான அளவு மட்டும் அப்பினாள். வண்டிக்கடியில் மல்லாந்து படுத்துத் தடித்த ஒயரை இழுத்துக் கட்டியபோது கண்ணில் தூசி விழுந்தது. தூசியா அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை.

ஐந்து மணிக்கு இரண்டு டம்ளர் காப்பியோடு கோபாலசாமி வந்தார். டிரெய்லர் படியில் உட்கார்ந்தார். அவள் அடியிலிருந்து ஊர்ந்து வெளியே வந்து, எதிரே கழற்றி வைத்த டயர் மேல் உட்கார்ந்தாள்.

"கோபமில்லைன்னு சொல்லமாட்டேன் கலா" என்றார். "இருக்கு. நிறையவே இருக்கு."

"இருக்கட்டுங்க."

"பெல்ட்வே மேம்பாலச் சரிவுல இறங்கறப்பகூட கால் தானா பிரேக்குக்குப் போயிரும். ஆபீஸ் பார்க்கிங்ல இறங்கறப்பகூட. பின்னாடி ஒண்ணுமே மாட்டியிருக்காது, ஆனா ஏதோ தள்ற மாதிரியே இருக்கும். பிள்ளைங்களைக் கொன்னுருப்பேனேன்னு நெனப்பேன். டாக்டர்கிட்டகூடச் சொன்னேன். உங்கிட்ட சொல்லல."

"ஏங்க சொல்லல?"

"சொன்னா நீ மறுபடியும் கியரைப் பத்திச் சொல்லுவ."

அவள் தலை குனிந்தாள். பிறகு, இத்தனை வருடத்தில் ஒரு தடவையும் சொல்லாததைச் சொன்னாள். "அந்தச் சரளைப் பாதை என் கண்ணுக்குத் தெரியவே இல்லீங்க. நீங்க திருப்பின பிறகுதான் பாத்தேன். நான் ஓட்டியிருந்தா நேரா போயிருப்பேன். நாலு பேரும் போயிருப்போம்."

அவர் காப்பி டம்ளரைப் படியில் வைத்தார். "அந்தப் பாதையை மேல இருந்து இறங்கறப்பவே பாத்து வெச்சிருந்தேன்" என்றார். "எங்க ஒதுங்கலாம்னு எப்பவும் பாத்துக்கிட்டே வருவேன். டிரெய்லர் இழுக்கறவனுக்கு அது பழக்கம்."

மறுநாள் காலை, கிடங்குகள் மட்டும் இருக்கிற ஒரு காலி ரோட்டில் பிரேக்கைப் பழக்கினார்கள். நாற்பது மைல் வேகத்தில் போய் இருபதுக்குக் குறைக்க வேண்டும். பிறகு மறுபடி நாற்பது. ஷூவும் டிரம்மும் ஒன்றுக்கொன்று பழகும்வரை இருபது முப்பது தடவை. கலாவதி ஓட்டினாள். கோபாலசாமி பக்கத்தில் உட்கார்ந்து கன்ட்ரோலர் எண்ணைப் படித்துச் சொன்னார். முதல் சில தடவை தளர்வாகத்தான் பிடித்தது. அப்புறம் இறுக ஆரம்பித்தது. பத்துப் பன்னிரண்டு தடவை ஆனபோது அவர், "ஓரமா நிறுத்து" என்றார்.

நிறுத்தினாள். அவர் இறங்கிச் சுற்றிவந்து அவள் பக்கத்துக் கதவைத் திறந்தார்.

"தள்ளு."

சீட்டைப் பின்னுக்கு நகர்த்தி, கண்ணாடிகளைத் திருப்பி, பெல்ட்டை இழுத்துப் போட்டுக்கொண்டார். நாற்பதுக்கு ஏற்றி மிதித்தார். சட்டைக் காலரைப் பின்னாலிருந்து யாரோ பிடித்து நிறுத்தியதுபோல் வண்டி நின்றே போனது.

"அட, ஜாஸ்தியா பிடிக்குது" என்றார். அப்படிச் சொன்னபோது அவர் முகத்தில் வந்த சிரிப்பை அவள் பார்த்து வெகுகாலமாகியிருந்தது. "ரெண்டு பாயின்ட் குறை."

குறைத்தாள். சாப்பாட்டு நேரம்வரை அவரேதான் ஓட்டினார்.

வெள்ளிக்கிழமை ஓவியா வந்தாள். கராஜில் இன்னும் கிடந்த ஷூக்களைக் காட்டி, கலாவதி அவளிடமும் எல்லாவற்றையும் சொன்னாள். ஓவியா பாதி கேட்கும்போதே அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"அப்பா, வீ வேர் ஸோ மீன் டு யூ. ஆல் தீஸ் இயர்ஸ்."

"அதெல்லாம் விடு. உன் கார் டயர்ல காத்து பாத்தியா? ஒன்பது மணி நேரம் ஓட்டணும்" என்றார் அவர். மகள் வந்து கழுத்தைக் கட்டிக்கொண்டபோது என்ன செய்வதென்று தெரியாமல் அவள் முதுகில் இரண்டு தட்டுத் தட்டினார்.

சனிக்கிழமை விடிந்ததும் கிளம்பினார்கள். கோபாலசாமி டிரக்கில், பின்னால் டிரெய்லர், அதற்குப் பின்னால் தன் சின்னக் காரில் ஓவியா. சான் அன்டோனியோ தாண்டி, கெர்வில் தாண்டியதும், ஃப்ரீவேயே மலைகளை வெட்டிக்கொண்டு ஏறி இறங்கத் தொடங்கியது. ஜங்ஷன் என்கிற ஊருக்கு முன்னால் ஒரு நீண்ட இறக்கம். உச்சிக்கு வரும் முன்பே அவர் பேச்சை நிறுத்திவிட்டார். கலாவதி தன் கைகளை மடியில் கோத்து வைத்துக்கொண்டாள். வாயையும் மூடிக்கொண்டாள்.

அவர் கியரைக் குறைத்தார். இஞ்சின் உறுமியது. பக்கத்து லேனில் ஒரு பெரிய லாரி சரசரவென்று இறங்கிப் போனது. அவர் கால் ஒருமுறை பிரேக்கை அழுத்தி விட்டது, கொஞ்சம் கழித்து மறுபடியும். டிரெய்லர் தள்ளவில்லை. பின்னால் அடக்கமாக, ஒழுங்காக வந்தது. இருபக்கமும் வெள்ளைச் சுண்ணாம்புப் பாறை உயர்ந்து, தாழ்ந்து, முடிந்து, ரோடு சமமானது.

"பிடிக்குது" என்றார்.

"ம்" என்றாள் அவள்.

அதற்கப்புறம் அவர் வாயை மூடவில்லை. ஓஸோனா ஊர்வரை, வெள்ளத்து வருடத்துப் பேச்சுதான். அகிலன் தூக்கத்தில் மேஜைக் கட்டிலிலிருந்து உருண்டு அரிசி டப்பாவைக் கவிழ்த்தது, எட்டு மாடி ஆபீசில் வேலைபார்க்கிற அவரே காசு போட்டுத் துவைக்கிற லாண்ட்ரோமேட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தபோது பாஸ் எதிரே வந்தது, ஹில்க்ராஃப்ட் இந்தியக் கடையில் வாங்கிய பலாப்பழத்தை டிரெய்லருக்குள் அறுத்து மூன்று நாள் கதவைத் திறந்தே வைத்திருந்தது. கலாவதிக்கு மறந்தேபோயிருந்ததெல்லாம் அவரிடம் அப்படியே இருந்தது.

"நல்லாத்தான் இருந்துச்சுங்க, இல்ல?" என்றாள்.

"வீடு போச்சேன்னு அழுதவ நீ."

"அழுதேன். அதுவும் நெசந்தான்."

ஆல்பைனில் ஊருக்கு ஒதுக்குப்புறமாக, மலை தெரிகிற ஒரு திறந்த இடத்தில் டிரெய்லரை நிறுத்தினார்கள். கோபாலசாமி பின்னோக்கி ஓட்ட, ஓவியா கை காட்டினாள். இரண்டாவது தடவையில் சரியாக உட்கார்ந்தது. சாயங்காலம் கலாவதி அந்த அடுப்பில் அரிசியும் பருப்பும் போட்டு, மூன்று பேரும் முழங்கை இடிக்க அந்த மேஜையில் சாப்பிட்டார்கள். ஓவியா அப்பாவிடம் சைக்கிள் கதை கேட்டாள். இந்தத் தடவை அது தென்னைமரம்.

ஞாயிறு காலை மகளைக் கட்டிக்கொண்டு, தண்ணீர் குடி, கதவைப் பூட்டு, போன் பண்ணு என்று சொன்னதையே சொல்லி, ஒருவழியாகக் கிளம்பினார்கள். ஊரைத் தாண்டியதும் கலாவதி போனை எடுத்து மேற்குக்கரையில் குபெர்டினோவிலிருந்த அகிலனைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டாள். அங்கே இன்னும் விடியற்காலை. தூக்கக் குரலில், "என்னம்மா, எல்லாம் ஓகேயா?" என்றான்.

"ஓகேதான் சாமி. உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். லேக்கில பிரேக் போச்சே, அது அப்பாவால இல்ல. நான் கிரீஸ் ஜாஸ்தியா அடிச்சதால. இப்பத்தான் தொறந்து பாத்தேன். உன் முன்னாடிதான் அப்பாவைச் சொன்னேன், அதான் உங்கிட்டயும் சொல்லிடறேன்."

மறுமுனையில் அவன் எழுந்து உட்காருகிற சத்தம் கேட்டது.

"அப்பா இருக்காரா?"

"இருக்கேன்டா. ஓட்டிக்கிட்டிருக்கேன்."

"அப்பா, அந்த ஊபர் ஜோக். ஐ'ம் ஸாரி, அப்பா."

"சரி சரி. ஆகஸ்ட்ல வர்றியா? ஓவியாவைப் பாக்க நாலு பேருமா போலாம். ஏர்போர்ட்டுக்கு நான்தான் வருவேன்."

"வாங்கப்பா" என்றான் அகிலன்.

ஃபோர்ட் ஸ்டாக்டனில் பெட்ரோல் போட நிறுத்தியபோது, வழக்கம்போல் கலாவதி சாவிக்காகக் கையை நீட்டினாள். அவர் தரவில்லை. கடையில் வாங்கிவந்த காப்பியைக் கோப்பைப் பள்ளத்தில் வைத்துவிட்டு, ஏறி உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டார். வெயில் ஏறியிருந்தது. ரோடு நூல் பிடித்தாற்போல் கிழக்கே போனது. இன்னும் எட்டு மணி நேரம் இருந்தது. கொஞ்ச தூரம் அவள் கண்ணாடியில் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், ஒன்றும் மாட்டியிருக்கவில்லை. பிறகு சீட்டைச் சாய்த்து, துப்பட்டாவை முகத்தின்மேல் போட்டுக்கொண்டாள். பத்து நிமிடத்தில் தூங்கிப்போனாள்.